அட்வான்ஸ்டு ஒரே தடவைதான் எழுதினான், இன்னொரு வாய்ப்பு பாக்கி இருக்கிறதா?

நீங்கள் எழுதியதை ஒரு முறை திருப்பிச் சொல்லிவிடுகிறேன், மற்றவர்களுக்கும் புரியும். தம்பி குடியாத்தத்தில் ஸ்டேட் போர்டில் படித்து 2024 மார்ச்சில் பிளஸ் டூ முடித்தான். அந்த வருடம் என்ஐடி போன்ற மத்தியப் பொறியியல் நிறுவனங்களுக்கான ஜேஇஇ மெயின் எழுதினான், அதற்கு அடுத்த கட்டமான, ஐஐடிகளுக்கான அட்வான்ஸ்டு எழுதும் அளவுக்கு ரேங்க் வரவில்லை. ஒரு வருடம் கோச்சிங் போய் 2025-ல் மெயினும் எழுதினான், அட்வான்ஸ்டும் எழுதினான், ஐஐடி கிடைக்கவில்லை. அப்புறம் கவுன்சலிங்கில் வேலூர் பக்கத்திலேயே ஒரு பொறியியல் கல்லூரியில் இடம் கிடைத்துச் சேர்ந்துவிட்டான். இப்போது பழைய கோச்சிங் சென்டரில் யாரோ, "அட்வான்ஸ்டு இரண்டு தடவை எழுதலாம், நீ ஒன்றுதான் எழுதியிருக்கிறாய், 2026-ல் இன்னொன்று இருக்கிறது" என்று சொல்ல, கல்லூரியை நிறுத்திவிட்டு மறுபடி படிக்கிறேன் என்கிறான். ராணிப்பேட்டை ஷூ கம்பெனிச் சம்பளத்தில் பணம் கட்டப் போவது நீங்கள். எத்தனை தடவை எழுதலாம், வயது வரம்பு உண்டா, பிளஸ் டூவைத் திரும்ப எழுதினால் கணக்கு புதிதாக ஆரம்பிக்குமா என்று மூன்று கேள்வி கேட்டிருக்கிறீர்கள். அந்த மூன்றுக்கும் பின்னால் இருப்பது ஒரே கேள்விதான்: அவனைக் கல்லூரியை விட்டு வரச் சொல்லலாமா, கூடாதா.

அதற்குப் பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். கூடாது. 2026 அட்வான்ஸ்டு உங்கள் தம்பிக்குக் கிடையாது. மெயின் உண்டு. மெயின் எழுதக் கல்லூரியை விட வேண்டியதில்லை.

நான் இந்த மாவட்டத்தில் மேல்நிலை வகுப்புகளுக்குக் கணிதம் நடத்தியவன். பிள்ளைகளுக்கு விண்ணப்பம் நிரப்பிக் கொடுப்பதும், தேர்வு நடத்துபவர்கள் வெளியிடும் தகவல் குறிப்பேட்டை வரி வரியாகப் படித்துச் சொல்வதும் பாடம் நடத்துவதோடு சேர்ந்தே வந்த வேலை. ஓய்வுக்குப் பிறகும் அது விடவில்லை. வருடா வருடம் பிள்ளைகள் தடுக்கி விழுவது இதே இடத்தில்தான். "இரண்டு தடவை", "மூன்று தடவை" என்று வாய்வழியாகப் பரவும்போது, அந்த எண்ணிக்கையோடு ஒட்டியிருக்கும் நிபந்தனை பாதி வழியில் உதிர்ந்துவிடுகிறது.

அட்வான்ஸ்டு விதி இப்படி இருக்கிறது: அதிகபட்சம் இரண்டு தடவை, அதுவும் அடுத்தடுத்த இரண்டு வருடங்களில். இதோடு நிற்கவில்லை. பிளஸ் டூ தேர்வை முதன்முதலாக எழுதிய வருடம், அட்வான்ஸ்டு நடக்கும் அதே வருடமாகவோ அதற்கு முந்தைய வருடமாகவோ இருக்க வேண்டும். 2026 தேர்வுக்கு அது 2025 அல்லது 2026. உங்கள் தம்பி முதன்முதலாக எழுதியது 2024. ஆகவே அவனுக்கு இருந்த இரண்டு வருடம் 2024-ம் 2025-ம்தான். 2024-ல் மெயினில் தேறாததால் அட்வான்ஸ்டு எழுத முடியவில்லை. அந்த எழுதாத தடவை எங்கேயும் சேமிப்பில் இல்லை, அந்த வருடத்தோடு போய்விட்டது. கோச்சிங் சென்டரில் சொன்னவர் எழுதிய தடவையை எண்ணுகிறார். ஐஐடிகள் பிளஸ் டூவில் இருந்து வருடத்தை எண்ணுகின்றன. ரிசல்ட் மிகத் தாமதமாக வெளியிட்ட போர்டுகளுக்குச் சில வருடங்களில் விதிவிலக்கு கொடுத்திருக்கிறார்கள். தமிழ்நாட்டில் 2024 பிளஸ் டூ ரிசல்ட் மே 6 அன்றே வந்துவிட்டதால் அந்த வழியும் நமக்கு இல்லை.

மெயினில் கதை வேறு. பிளஸ் டூ தேர்ச்சி பெற்ற வருடத்தையும் சேர்த்துத் தொடர்ந்து மூன்று வருடம் எழுதலாம். 2026 மெயினை 2024, 2025-ல் தேர்ச்சி பெற்றவர்களும் 2026-ல் பிளஸ் டூ எழுதுபவர்களும் எழுதலாம். உங்கள் தம்பிக்கு இது கடைசி வருடம். ஒரே வருடத்தில் ஜனவரியிலும் ஏப்ரலிலும் என இரண்டு தடவை நடக்கிறதே, இரண்டும் எழுதினால் இரண்டு வாய்ப்பு கழிந்துவிடுமா என்று பல பெற்றோர் பயப்படுகிறார்கள். கழியாது. இரண்டும் ஒரே வருடக் கணக்கு. இரண்டில் எது நல்ல மதிப்பெண்ணோ அதை எடுத்துத்தான் ரேங்க் போடுகிறார்கள். ஒன்று மட்டும் எழுதினாலும், இரண்டையுமே எழுதாமல் விட்டாலும் அந்த வருடம் முடிந்தது முடிந்ததுதான். ஆகவே இரண்டையும் எழுதுவதே புத்திசாலித்தனம்.

இந்த இரண்டு விதிக்கும் நடுவே ஒரு நுணுக்கம் இருக்கிறது. மெயின் பார்ப்பது பிளஸ் டூ தேர்ச்சி பெற்ற வருடத்தை. அட்வான்ஸ்டு பார்ப்பது முதன்முதலாக எழுதிய வருடத்தை. 2024 மார்ச்சில் வேதியியலில் தோற்று, அடுத்த வருடம்தான் தேறிய ஒரு பையனை எடுத்துக்கொள்ளுங்கள். மெயினுக்கு அவன் 2025 ஆள், 2027 வரை எழுதலாம். அட்வான்ஸ்டுக்கு அவன் 2024 ஆள்தான், 2025-ஓடு அவன் கணக்கு முடிந்தது. அதே 2024 ஜூன், ஜூலை துணைத் தேர்விலேயே தேறியிருந்தால் இரண்டுக்கும் ஒரே வருடம், சிக்கல் இல்லை.

உங்கள் மூன்றாவது கேள்விக்கும் பதில் இதிலேயே வந்துவிட்டது. பிளஸ் டூவை வேறு போர்டில் திரும்ப எழுதினாலும், திறந்தவெளிப் பள்ளியில் எழுதினாலும், அட்வான்ஸ்டுக்கு "முதன்முதலாக" என்ற நிபந்தனை இருக்கும்வரை 2024 மாறாது. மெயினிலும், ஒருமுறை தேர்ச்சி பெற்றவர் மதிப்பெண்ணை உயர்த்திக்கொள்ள மறுபடி எழுதினால் தேர்ச்சி வருடம் புதிதாகிவிடாது. விண்ணப்பத்தில் தேர்ச்சி வருடம் என்று கேட்கும் இடத்தில் 2025 அல்லது 2026 என்று தேர்வு செய்துவிட்டால் கணினி ஏற்றுக்கொள்ளும்தான். ஆனால் இடம் கிடைத்த பிறகு சான்றிதழ் சரிபார்க்கும்போது மதிப்பெண் சான்றிதழில் உள்ள மாதமும் வருடமும் கண்ணில் படும். அப்போது இடத்தையே ரத்து செய்துவிடுவார்கள். "அப்படிப் போடு, யாரும் பார்க்க மாட்டார்கள்" என்று சொல்பவர் பேச்சைத் தயவுசெய்து கேட்காதீர்கள்.

திரும்ப எழுதுவதில் ஒரு பயன் மட்டும் உண்டு, அது 75 சதவீத விஷயம். மெயின் எழுத 75 சதவீதம் தேவையில்லை. ஆனால் என்ஐடி, ஐஐஐடி, ஐஐடி எதில் சேர்வதானாலும் பிளஸ் டூவில் 75 சதவீதம் வேண்டும். இல்லாவிட்டால் நம் போர்டில் முதல் 20 பர்சன்டைலுக்குள், அதாவது மதிப்பெண் வரிசையில் முதல் 20 சதவீதம் பேருக்குள் இருக்க வேண்டும். எஸ்சி, எஸ்டி, மாற்றுத்திறனாளிகளுக்கு மட்டும் 65 சதவீதம். ஓபிசிக்கும் பொருளாதாரத்தில் நலிந்தோர் பிரிவுக்கும் இதில் சலுகை கிடையாது. பலர் இருப்பதாக நினைத்துக்கொள்கிறார்கள். இந்தச் சதவீதத்தை மொத்தம் 600-க்குப் போட்டுப் பார்த்துவிட்டு மனமுடைந்து போகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். கணக்கில் வருவது ஐந்து பாடங்கள்: கணிதம், இயற்பியல், வேதியியல், ஒரு மொழிப்பாடம், இன்னொரு பாடம். தம்பியின் மதிப்பெண் சான்றிதழை எடுத்து வைத்து, தமிழ், ஆங்கிலம் இரண்டில் அதிகமானதையும் மீதியில் அதிகமான இன்னொன்றையும் சேர்த்து 500-க்கு 375 வருகிறதா என்று பாருங்கள். வந்துவிட்டால் இந்தப் பிளஸ் டூ பேச்சை அதோடு விட்டுவிடலாம்.

வயது பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். மெயினுக்கு வயது வரம்பு இல்லை. அட்வான்ஸ்டுக்கு உண்டு; 2025 தேர்வுக்கு 2000 அக்டோபர் 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்திருக்க வேண்டும் என்றார்கள், எஸ்சி, எஸ்டி, மாற்றுத்திறனாளிகளுக்கு ஐந்து வருடம் தளர்வு. பதினேழு, பதினெட்டில் பிளஸ் டூ முடிக்கும் பிள்ளைகளை இந்த வயது வரம்பு தொடுவதே இல்லை, அதற்கு முன்பே வருட விதி தடுத்துவிடும். நம் ஊர் விஐடியின் நுழைவுத் தேர்வுக்கும் பிறந்த தேதி வரம்பு இருக்கிறது. 2025-ல் அது 2003 ஜூலை 1. பிட்ஸ் பிலானி நடத்தும் பிட்சாட் தேர்வு நடப்பு வருடமும் அதற்கு முந்தைய வருடமும் பிளஸ் டூ முடித்தவர்களுக்கு மட்டுமே, எனவே 2024 ஆள் 2026-ல் அதை எழுத முடியாது.

இதுவரை சொன்னது உறுதியானது. உறுதியில்லாத பகுதி என்னவென்றால், இந்த விதிகளை ஒவ்வொரு வருடமும் புதிதாக அறிவிக்கிறார்கள், மாற்றவும் செய்கிறார்கள். 2024 நவம்பர் 5 அன்று, 2025 அட்வான்ஸ்டுக்கு மூன்று வாய்ப்பு என்று அறிவிப்பு வந்தது. அதை நம்பி நாடு முழுவதும் பிள்ளைகள் சேர்ந்திருந்த கல்லூரியை விட்டுவிட்டு வந்தார்கள். இரண்டு வாரம்கூட முழுதாகப் போகவில்லை, நவம்பர் 18 அன்று மறுபடி இரண்டு வாய்ப்புதான் என்று மாற்றிவிட்டார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2025 ஜனவரி 10 அன்று, விதியை மாற்றியதை நீதிமன்றம் செல்லும் என்றது. நவம்பர் 5-க்கும் 18-க்கும் இடையில் படிப்பை விட்டவர்களை மட்டும் எழுத அனுமதித்தது. ஒரு வாரம் தள்ளிக் கல்லூரியை விட்டவருக்கு எதுவும் இல்லை. உங்கள் தம்பிக்கு அந்தக் கோச்சிங் ஆள் சொன்னது அந்தப் பழைய அறிவிப்பின் மிச்சமாகக்கூட இருக்கலாம். இனிமேலும் இப்படி மாறுமா என்று யாராலும் சொல்ல முடியாது, நானும் சொல்ல மாட்டேன். ஆனால் மாறினால் பார்த்துக்கொள்ளலாம் என்று கையில் இருக்கும் இடத்தை விட்டுவிடக் கூடாது என்பதை அந்தப் பிள்ளைகள் பட்ட பாடு காட்டிவிட்டது. வாட்ஸ்அப்பில் வருவதையும், நான் எழுதுவதையும்கூட அந்தந்த வருடத் தகவல் குறிப்பேட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அதில் இருப்பதுதான் செல்லும்.

சரி, மெயின் மட்டும் எழுதினால் என்ன கிடைக்கும்? குறைவாக நினைக்க வேண்டாம். திருச்சி என்ஐடியில் பாதி இடங்கள் சொந்த மாநிலத்தவருக்கு. காஞ்சிபுரத்தில் ஐஐஐடிடிஎம், திருச்சியில் ஐஐஐடி, காரைக்காலில் புதுச்சேரி என்ஐடி இருக்கின்றன. நெசவு ஊரான குடியாத்தத்தில் இருந்து கேட்கிறீர்கள் என்பதால் இன்னொன்று: சேலத்தில் உள்ள கைத்தறித் தொழில்நுட்ப நிறுவனமும் மெயின் ரேங்க் வழியாகத்தான் சேர்க்கிறது. இந்த இடங்களை ஒதுக்கும் ஜோசா என்ற கூட்டுக் கவுன்சலிங்கில் இவை எல்லாவற்றுக்கும் ஒரே இடத்தில் விருப்பப் பட்டியல் கொடுக்கலாம். வேறு பொறியியல் கல்லூரியில் படித்துக்கொண்டிருப்பது இதற்குத் தடை இல்லை. ஏற்கெனவே ஒரு ஐஐடியில் இடத்தை ஏற்றுச் சேர்ந்தவர் மறுபடி அட்வான்ஸ்டு எழுத முடியாது என்ற தடை ஒன்று இருக்கிறது, அது உங்கள் தம்பியைப் பற்றியது அல்ல.

சொந்த மாநிலம் என்றதும் நம் பக்கத்துக்காரர்களுக்கு ஒரு வார்த்தை, உங்கள் தம்பிக்கு இது பொருந்தாவிட்டாலும். காட்பாடி, குடியாத்தம், பேரணாம்பட்டுப் பக்கம் சிலர் பிள்ளையைப் பிளஸ் ஒன், பிளஸ் டூவுக்குச் சித்தூரோ திருப்பதியோ அனுப்பி இன்டர் படிக்க வைக்கிறார்கள், அங்கே ஜேஇஇ கோச்சிங் நன்றாக இருக்கும் என்று. ஜோசாவில் சொந்த மாநிலம் என்பது பிறந்த ஊரையோ ரேஷன் கார்டையோ வைத்து முடிவாவதில்லை, பிளஸ் டூ தேறிய மாநிலத்தை வைத்து முடிவாகிறது. சித்தூரில் இன்டர் முடித்த வேலூர்ப் பிள்ளைக்குச் சொந்த மாநில ஒதுக்கீடு ஆந்திராவின் தாடேபள்ளிகூடம் என்ஐடியில்தான், திருச்சியில் அவன் வெளிமாநிலத்தான். நம் மாநில கவுன்சலிங்கிலும் எட்டு முதல் பன்னிரண்டு வரை இங்கேயே படித்திருக்காவிட்டால் இருப்பிடச் சான்றிதழ் வாங்கி வைக்க வேண்டும். ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவருக்கான 7.5 சதவீத ஒதுக்கீடும் கைவிட்டுப் போகும். பத்தாம் வகுப்பு முடியும்போதே இதையெல்லாம் யோசித்துவிட வேண்டும். பிளஸ் டூ முடிந்த பிறகு வந்து கேட்கும் பெற்றோரிடம் எனக்குச் சொல்ல ஒன்றும் இருப்பதில்லை, அது வருத்தமாக இருக்கிறது.

விண்ணப்பம் போடும்போது பார்க்க வேண்டியது இரண்டு. ஒன்று, பிரிவு. நம் கையில் இருக்கும் பிசி, எம்பிசி சாதிச் சான்றிதழ் மாநில அரசுக்கானது. ஜேஇஇயில் அது செல்லாது. மத்தியப் பட்டியலில் உங்கள் சமூகம் இருந்தால், கிரீமி லேயர் (வசதி மிகுந்தவர்கள்) அல்லாதோர் என்ற ஓபிசி சான்றிதழை மத்திய அரசுப் படிவத்தில் வாங்க வேண்டும். அதுவும் 2026 சேர்க்கையின்போது காட்டுவது 2026 ஏப்ரல் 1 அல்லது அதற்குப் பிந்தைய தேதியிட்டதாக இருக்க வேண்டும். இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தால் தாலுகா அலுவலகம் வழியாக வரும், ஆனால் வருமான விவரம், பெற்றோர் சான்றிதழ் என்று ஒன்றொன்றாகக் கேட்பார்கள். கடைசி வாரத்தில் ஓடினால் கிடைக்காது. இரண்டு, பெயர். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் இனிஷியல் ஒரு எழுத்தாக இருக்கும், ஆதாரில் அப்பா பெயர் முழுதாக விரிந்து பின்னால் நிற்கும். இந்த வித்தியாசத்தால் விண்ணப்பம் இழுபடுவதை அடிக்கடி பார்க்கிறேன். இரண்டு அட்டையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுத்து எழுத்தாக ஒப்பிட்டு, வித்தியாசம் இருந்தால் முதலில் ஆதாரைத் திருத்திக்கொள்ளுங்கள். தம்பி தமிழ் வழியில் படித்தவனாக இருந்தால் மெயின் வினாத்தாளைத் தமிழிலும் தேர்வு செய்யலாம், 2021-ல் இருந்து அந்த வசதி உண்டு.

இனி என் அபிப்பிராயம். இதை விதியாக எடுத்துக்கொள்ள வேண்டாம். மூன்றாவது வருடமும் வீட்டில் உட்கார்ந்து மெயினுக்கு மட்டும் படிப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஏற்கெனவே ஒரு முழு வருடம் அதே பாடத்தைப் படித்துவிட்டான், அட்வான்ஸ்டு எழுதும் அளவுக்கு, அதாவது முதல் இரண்டரை லட்சம் பேருக்குள் வந்தும் விட்டான். அது சின்ன விஷயம் இல்லை, அதை அவனிடம் நீங்கள் சொல்ல வேண்டும். இப்போது அவனுக்கு வேண்டியது தினம் இரண்டு மணி நேரம் பழைய வினாத்தாள்களைப் போட்டுப் பார்ப்பது. கல்லூரி முதல் செமஸ்டர் கணிதமும் இயற்பியலும் ஓரளவு அதோடு ஒத்தே போகும். ஜனவரித் தேர்வு செமஸ்டர் தேர்வை ஒட்டி வருவதால் நெருக்கடியாக இருக்கும். ஏப்ரல் ஒன்று இருக்கிறது என்ற நிம்மதியோடு எழுதட்டும். வருகைப் பதிவு 75 சதவீதத்துக்குக் கீழே போகாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். நல்ல ரேங்க் வந்து இப்போதைய கல்லூரியைவிட மேலான இடம் கிடைத்தால் ஜூன், ஜூலையில் மாறட்டும், ஒரு வருடம் போனாலும் அதற்கு அர்த்தம் இருக்கும். வராவிட்டால் இரண்டாம் வருடத்துக்குப் போய்விடுவான், எதுவும் இழக்கவில்லை.

ஐஐடிதான் வேண்டும் என்ற பிடிவாதம் அவனுக்கு இருந்தால் அதையும் தள்ளிவிடாதீர்கள். பி.டெக் கதவு மூடியதே தவிர வேறு கதவு இருக்கிறது. மூன்றாம் வருடத்தில் இருந்தே, எம்.டெக் சேர்வதற்கான கேட் தேர்வு எழுதலாம். அதற்கு வயது வரம்பும் இல்லை, இத்தனை தடவைதான் என்ற கணக்கும் இல்லை, மதிப்பெண் மூன்று வருடம் செல்லும். அதை வைத்து எம்.டெக் சேர்கிறவர்களுக்கு மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகையும் உண்டு. சென்னை ஐஐடி நடத்தும் இணையவழி பிஎஸ் படிப்புக்கு ஜேஇஇ தேவையே இல்லை, அவர்களே நடத்தும் தகுதித் தேர்வில் தேறினால் போதும், இப்போதைய பி.இ.யோடு சேர்த்தே படிக்கலாம். சுமைதான், ஆனால் முடிகிற பிள்ளைகள் இருக்கிறார்கள்.

தம்பியிடம் இதைப் பேசும்போது அந்த 2026 அட்வான்ஸ்டு தகுதிப் பக்கத்தையே திறந்து, "முதன்முதலாக" என்ற வரியை அவனையே படிக்கச் சொல்லுங்கள். நீங்கள் பணத்துக்காகத் தடுப்பதாக அவன் நினைக்கக் கூடாது. கோச்சிங் சென்டர் மறுபடியும் வாய்ப்பு இருக்கிறது என்று சொன்னால், அதை எழுத்தில் கேளுங்கள். அவர்கள் எழுதிக் கொடுக்கும்வரை ஒரு ரூபாய்கூடக் கட்டாதீர்கள், கல்லூரியில் டிசி கேட்டு மனுவும் கொடுக்காதீர்கள்.